வாப்பா உருட்டிய கம்பி

முசலியைப் பற்றி எழுதுகிறவர்கள் முத்தில் தொடங்குவார்கள். சிலாவத்துறைக் கடலில் முத்துக் குளித்த கதை வரும். அந்த முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்ய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய டொரிக் மாளிகை வரும். கண்டி இராச்சியத்தில் 19 வருடம் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1679இல் காடு கடந்து வந்து சேர்ந்த அரிப்புக் கோட்டையும் வரும். அதற்குப் பிறகு மீன்பிடி, அகத்திமுறிப்புக் குளத்து வயல், கொண்டச்சி மரமுந்திரிகை. இங்கிருந்து வெகுதூரம் போய், இயந்திரத்துக்கு முன்னால் நின்று ஆயுளைக் கழித்தவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. என் வாப்பா அப்படிப்பட்ட ஒருவர். ஒருவல உருக்காலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். எங்கள் ஊரில் இன்று நிற்கிற பல வீடுகளின் தூண்களுக்குள் அவருடைய சொல் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1958இல் இலங்கையும் சோவியத் ஒன்றியமும் பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. அந்த உதவியோடு எழுந்தவைதான் களனி டயர் தொழிற்சாலையும், அத்துருகிரியவுக்குப் பக்கத்தில் ஒருவலவில் எழுந்த உருக்காலையும். உருக்காலை 1967இல் இயங்கத் தொடங்கியது. இலங்கை உருக்குக் கூட்டுத்தாபனம் என்று பெயர். வாப்பா 1970களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தார். இயந்திரங்களில் ரஷ்ய எழுத்து பொறித்த தகடுகள் இருந்ததாகவும், அதில் ஓர் எழுத்தைக்கூடத் தெரியாமலே எந்தப் பிடி எதற்கு என்று கைக்குப் பழகிவிட்டதாகவும் சொல்வார். போகும்போது அவருக்குச் சிங்களமும் தெரியாது. முதலில் கற்றுக்கொண்ட சிங்களச் சொல் 'பரிஸ்ஸமென்', கவனமாக. உருட்டாலையில் அந்தச் சொல் தெரியாமல் ஒரு நாளும் நிற்க முடியாது.

அங்கே என்னதான் நடக்கும் என்று சின்ன வயதில் நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். வாப்பாவுக்குக் கதை சொல்லத் தெரியாது, வேலையைச் சொல்லத் தெரியும். கப்பலில் வருகிற 'பில்லட்' என்ற சதுர இரும்புக் கட்டைகளைச் சூளைக்குள் தள்ளுவார்கள். 1,100 பாகை, 1,200 பாகை வரை சூடேறும். சிவப்பு ஏறி, பிறகு செம்மஞ்சளாகி வெளியே வரும் கட்டையைச் சுழல்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். உருளையில் காடி வெட்டியிருக்கும். அந்தக் காடிக்குள் நசுங்கிக் கட்டை மெலியும், மெலிந்த அளவுக்கு நீளும். அடுத்த சோடி உருளையில் இன்னும் மெலியும், இன்னும் நீளும். நீள நீள வேகமும் கூடும்.

"நூறு மில்லிமீற்றர் சதுரக் கட்டை ஒரு மீற்றர் நீளம் உள்ளுக்குப் போனா, பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பியா எத்தனை மீற்றர் வெளியில வரும்? கணக்குப் போடு மகள்."

அப்போது எனக்குப் போடத் தெரியாது. இப்போது என் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதே கணக்கைத்தான் கொடுக்கிறேன். 10,000ஐ 113ஆல் வகுத்தால் ஏறக்குறைய 88 மீற்றர். ஒரு கட்டை ஒரு தெருவின் நீளத்துக்கு ஓடுகிறது. ஓடுகிற வேகத்தில் முனை எங்கேயாவது முட்டிக்கொண்டால் பின்னால் வருகிற கம்பி நிற்காது. செந்நிறமாகவே மேலே எகிறி, சுருண்டு விழும். உலகத்தில் உருட்டாலை உள்ள இடமெல்லாம் தொழிலாளர் அஞ்சுவது இதற்குத்தான். வாப்பா கடைசி வரைக்கும் வீட்டிலும் கதவுக்கு நேரே கட்டில் போட விடமாட்டார். ஓடி வரும் கம்பிக்கு நேரே நிற்காதே என்ற பாடம் உடம்பில் ஊறிவிட்டது.

அவர் நின்றது பெரும்பாலும் கம்பி ஆறுகிற மேடையில். உருண்டு வந்த கம்பி அங்கே வரிசையாகக் கிடந்து குளிரும். வளைவு பார்க்க வேண்டும், வெட்ட வேண்டும், கட்டுக் கட்ட வேண்டும். சில கம்பிகளைக் குளிர்ந்த பிறகு முறுக்குவார்கள். முறுக்கினால் கம்பிக்கு இழுவிசை தாங்கும் வலு கூடும். நம் மேசன்மார் 'முறுக்குக் கம்பி' என்று சொன்னது அதைத்தான். பிற்காலத்தில் அந்த முறை குறைந்து, உருளையிலிருந்து வரும் சூட்டோடேயே தண்ணீரைப் பீய்ச்சி, வெளித்தோலைக் கடினமாக்கி, உள்ளே இளக்கமாக விடுகிற முறை பரவியது. மெல்லிய கம்பி செய்வது இன்னொரு பகுதி. தடித்த கம்பியை அச்சுத் துளை வழியே இழுப்பார்கள்.

"இடியப்பம் பிழியிற மாதிரியா?" என்று உம்மா ஒருமுறை கேட்டார்.

"இல்ல, இடியப்பத்துக்குப் பின்னால இருந்து அமத்துறீங்க. இது முன்னால இருந்து இழுக்கிறது. அமத்தினா வளைஞ்சிடும்."

வாப்பாவின் விளக்கம் எப்போதும் இவ்வளவுதான். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

லீவு கிடைத்தால் கொழும்பிலிருந்து தலைமன்னார் ரயிலில் ஏறுவார். முருங்கனில் இறங்கி சிலாவத்துறை பஸ். பையில் எங்களுக்கு உடுப்பு, உம்மாவுக்கு கொஹொம்ப சவர்க்காரம், மூத்தம்மாவுக்குத் தைலம். நிற்பதோ நாலைந்து நாள். அந்த நாலைந்து நாளில் வேலியைத் திருத்துவார், கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடுவார், எங்கள் பாடக் கொப்பிகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்ப்பார். தமிழ் எழுத்தும் கணக்கும்தான் அவர் படித்தது. விஞ்ஞானக் கொப்பியையும் விடமாட்டார். விளங்காத இடத்தில் எங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். நான் ஆசிரியையானது அப்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில்தான் என்று நம்புகிறேன்.

தூரத்தில் இருந்து குடும்பம் நடத்திய தகப்பன்மாரை 'வீட்டில் இல்லாதவர்' என்று சொல்லிவிடுவது லேசு. வாப்பா வீட்டில் இல்லாத நாட்களில்கூட எங்கள் வீட்டின் ஒழுங்கு அவருடையதாக இருந்தது. சம்பளக் கடதாசியின் பின்பக்கத்தில் உம்மா செலவு எழுதுவார். வாப்பா வந்ததும் இருவரும் பாயில் உட்கார்ந்து அதை வரி வரியாகப் பார்ப்பார்கள். சண்டை பிடித்ததில்லை. ஒரு செலவு பிடிக்கவில்லை என்றால் அந்த வரியில் விரலை வைத்து உம்மாவின் முகத்தைப் பார்ப்பார். உம்மா காரணம் சொல்வார். விரல் அடுத்த வரிக்கு நகரும்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டது. ரயில் நின்றது, கடிதம் நின்றது. வாப்பா அங்கே, நாங்கள் இங்கே. ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஏறக்குறைய 75,000 பேர் அப்படி வெளியேற்றப்பட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். முசலிக் கிராமங்களிலிருந்து மறிச்சுக்கட்டி தாண்டி, வில்பத்துக் காட்டோரமாகத் தெற்கே நடந்தோம். நான் சின்னப் பிள்ளை. உம்மா இடுப்பில் தம்பி, கையில் துணி மூட்டை. மூத்தம்மாவை நானா முதுகில் சுமந்தார். மழை. எனக்கு நினைவிருப்பது கால் புதைகிற சேறும், யாரும் யாரோடும் பேசாததும். மற்றவை உம்மா சொல்லித் தெரிந்தவை.

வாப்பாவுக்குச் செய்தி எட்டியது ஆலைக்குள்ளே. கூட வேலை செய்த ஒருவர் பத்திரிகையில் பார்த்துச் சொன்னாராம். உடனே புத்தளத்துக்கு பஸ் ஏறினார். அங்கே பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் சனம் நிரம்பிக் கிடந்தது. ஆள் பெயரைச் சொல்லிக் கேட்டால் பயனில்லை என்று கண்டுகொண்டு, ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சிலாவத்துறை ஆட்கள் எங்கே, கொண்டச்சி ஆட்கள் எங்கே, வேப்பங்குளத்து ஆட்கள் எங்கே என்று. பல நாள் தேடிக் கடைசியில் கற்பிட்டிப் பக்கம், ஆலங்குடாத் தென்னந்தோப்பு ஒன்றில் எங்களைக் கண்டுபிடித்தார். எங்களைக் கண்டதும் அழவில்லை, பேசவில்லை. ஐந்து பேரின் தலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். மூத்தம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். பிறகு எழும்பி, கடைத்தெருவுக்குப் போய் ஒரு சுருள் கட்டுக்கம்பி வாங்கி வந்தார்.

அந்தக் கம்பியால்தான் எங்கள் குடிசை நின்றது. தடிகளைக் குறுக்கே வைத்து, கம்பியை இரட்டையாக மடித்து, குறட்டால் இரண்டு முறுக்கு. மூன்றாவது முறுக்கில் கம்பி அறும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். எங்கள் குடிசை முடிந்ததும் பக்கத்துக் குடிசைக்குப் போனார். அதற்கும் பக்கத்துக்குப் போனார். வாப்பா தோப்பில் எத்தனை குடிசைக்குக் கட்டுப் போட்டார் என்று யாரும் எண்ணவில்லை. அடுத்த மாரிக்குள் கற்பிட்டிக் கடற்காற்றில் அந்தக் கம்பிகள் கறள் பிடித்து உதிர்ந்தன. லீவில் வந்தபோது ஒன்றைக் கையில் எடுத்து நசித்துப் பார்த்தார். பொடியாகப் போனது. நைலோன் கயிறு வாங்கி எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினார். உப்போடு இரும்பு படுகிற பாட்டை அவர் அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

எங்கள் படிப்பு, ராத்தாவின் கலியாணம், மூத்தம்மாவின் மௌத்து எல்லாம் புத்தளத்தில்தான். 1996இல் அரசு ஆலையைக் கொரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. வாப்பா இன்னும் சில வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். கூட்டுத்தாபனத் தொழிலாளிக்கு அரசு உத்தியோகத்தருக்குப் போல மாதாந்த ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை, அவ்வளவுதான். சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியிடம் பிடிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடுவார். ஒருமுறை எடுத்தால் தீர்ந்தது. அந்தக் காசில் ஒரு பங்கை வாப்பா தொடவே இல்லை. "அது ஊருக்கு" என்பார். ஊரில் எங்களுக்குக் கூரைகூட மிஞ்சவில்லை என்று அப்போதே தெரியும். ஆனாலும் அது ஊருக்குத்தான்.

2009இல் யுத்தம் முடிந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வாப்பாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. எங்கள் வளவில் ஆள் உயரத்துக்குப் பற்றை. கிணறு தூர்ந்திருந்தது. சிலருக்கு அவர்களுடைய காணிக்குள் போகவே வழியில்லாதிருந்தது, அந்த வழக்குகளும் போராட்டங்களும் இன்றும் நடக்கின்றன. நாங்கள் பற்றை வெட்டித் தகரக் கொட்டில் போட்டோம். பிறகு ஊர் முழுக்க வீடு கட்டும் காலம் வந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டங் கட்டமாகக் கையில் கொடுத்து, வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும் ஏற்பாடு. மன்னார் மாவட்டத்திலும் அது வந்தது. வேறு உதவிகளும் வந்தன. வீடு கட்டி இருபது வருடம் பழக்கமில்லாத சனம். கையில் காசு அளவாக. பக்கத்திலேயே கடற்கரை மணல், சும்மா அள்ளலாம்.

அங்கேதான் வாப்பா குறுக்கே நின்றார். கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பிக்கு சீமெந்தின் காரத்தன்மையே கவசம். காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் காத்து நிற்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை உடைக்கும். உடைந்த இடத்தில் கறள் தொடங்கும். கறள் இரும்பைவிட இடம் கூடப் பிடிக்கும், இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை. இறுகிய கொங்கிறீற்றுக்குள் அதற்கு இடமேது? உள்ளேயிருந்து வெடிக்கும். கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்த கலவையில் வார்த்த தூண், பூச்சு வெள்ளையாகப் பளபளக்கும்போதே உள்ளே நோயாளி.

வாப்பா இதைக் குளோரைட்டு என்று சொல்லவில்லை. "கறள் வெளியில இருந்து வாற வருத்தமில்ல, உள்ளுக்க இருந்து வாறது. வெளியில தெரிஞ்சா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டு வளவு வளவாகப் போனார். அருவியாற்று மணலாகப் பாருங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. நல்ல தண்ணீரில் குழையுங்கள். கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்க விடாதீர்கள், சுற்றிவர இரண்டு விரல் அகலத்துக்குக் கொங்கிறீற்று இருக்க வேண்டும். அதற்காகச் சின்னச் சீமெந்துக் கட்டிகளைத் தானே வார்த்துச் சாக்கில் கொண்டுபோய்க் கொடுப்பார். வார்த்து முடிந்தால் சாக்கு நனைத்துப் போட்டு ஏழு நாள் ஈரம் காக்கச் சொல்வார். ஆண்கள் மறந்துவிடுவார்கள் என்று இதை அந்தந்த வீட்டுப் பெண்களிடம் தனியாகச் சொல்வார்.

இன்னொன்று கம்பியின் எடை. மெலிந்த கம்பியைப் பன்னிரண்டு என்று சொல்லி விற்கிற கடையும் இருந்தது. வாப்பாவிடம் ஒரு வாய்பாடு உண்டு. விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றர் கம்பியின் கிலோ எடை வரும். பன்னிரண்டுக்கு 0.888 கிலோ. 6 மீற்றர்க் கம்பி ஒன்று 5.3 கிலோ நிறுக்க வேண்டும். சிலாவத்துறையில் மீன் நிறுக்கிற கொக்கித் தராசை இரவல் வாங்கிக்கொண்டு கடை வாசலில் போய் நின்றார். கம்பியின் நடுவில் கயிறு போட்டுத் தூக்கினார். முள் நாலேகாலில் நின்றது. சத்தம் போடவில்லை. தராசைக் கடைக்காரர் பக்கம் திருப்பிக் காட்டினார். கடைக்காரர் பார்த்தார், வாப்பாவும் அவரைப் பார்த்தபடி நின்றார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சனம் கம்பி எடுக்கப் போனால் தராசு கேட்கத் தொடங்கியது.

டொரிக் மாளிகைக்கு ஒருமுறை அவரைக் கூட்டிப் போனேன். கடல் கரையை அரித்து, கட்டடத்தின் ஒரு பக்கம் அந்தரத்தில் நிற்பது போல இருந்தது. சுவரைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். "செங்கல்லும் சுண்ணாம்பும். உள்ளுக்க கம்பி இல்ல. அதனாலதான் இருநூறு வருசமா இந்த உப்புக்காற்றிலயும் தானா வெடிக்கல்ல. கீழ மண்ணக் கடல் எடுக்குது, அதுதான் விழுது" என்றார். இவ்வளவு காலம் அந்த மாளிகையைப் பற்றி வாசித்தவற்றில் இப்படி ஒரு வரி எனக்குக் கிடைத்ததில்லை.

சமனலவெவப் பக்கத்து மலைச்சரிவுகளில் ஆயிரம் வருடத்துக்கு முன்னரே தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்பதை ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அகழ்ந்து, 'நேச்சர்' இதழில் 1996இல் எழுதினார். அதை நான் வாப்பாவுக்குச் சொன்னபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். சூளையின் வாய் எந்தப் பக்கம், காற்று நின்றால் என்ன செய்வார்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. 2020 டிசம்பரில் மன்னார் தீவில் 'தம்பபவனி' காற்றாலைகள் திறக்கப்பட்ட பிறகு, அவற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போனார். 30 கோபுரங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, இதற்கு யார், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வர்ணம் பூசுவார்கள் என்பதுதான்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை முடித்து மேல்தளத்துக்குத் தூண் கம்பிகளை நீட்டி வைத்திருந்தோம். 2022 நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலை ஏறி எட்டாமல் போய்விட்டன. வேலை நின்றது. நீட்டிய கம்பிகளை வாப்பா அப்படியே விடவில்லை. கம்பித் தூரிகையால் சுரண்டி, சீமெந்துப் பால் பூசி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, வாயைக் கட்டிவிட்டார். மாரி முடிந்ததும் அவிழ்த்துப் பார்ப்பார், மறுபடி பூசுவார். கடைசி வருடம் ஏணி ஏற முடியாமல் கீழே நாற்காலியில் இருந்துகொண்டு தம்பியை ஏற்றிச் செய்வித்தார்.

அவர் மௌத்தானபோது அத்துருகிரியவிலிருந்து ஒரு பழைய கூட்டாளி வந்தார். சிங்களவர், வாப்பாவைவிட இரண்டொரு வயது இளையவர். அனுராதபுரத்தில் பஸ் மாறி, வந்து சேர்ந்தபோது ஜனாஸா அடக்கி முடிந்திருந்தது. தம்பி அவரை மையவாடிக்குக் கூட்டிப் போய் வந்தான். சாப்பிட்ட பிறகு திண்ணையில் இருந்து, நாங்கள் அறியாத ஒன்றைச் சொன்னார். 1990இல் வாப்பா எங்களைத் தேடி அலைந்த நாட்களில் அவருடைய இரவு வேலையைக் கூட நின்ற நாலு பேர் முறை வைத்துச் செய்தார்களாம். சம்பளம் வெட்டுப்படாமல் வந்ததும் அதனால்தான். வாப்பா திரும்பி வந்து ஒவ்வொருவருக்கும் அந்த இரவுகளைத் தன் ஓய்வு நாட்களில் வேலை செய்து திருப்பிக் கொடுத்தாராம். "வேண்டாம் என்று சொன்னோம், கேட்கவில்லை" என்றார்.

போவதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மேலே ஏறி, குழாய் ஒன்றைக் கழற்றிக் கம்பியை நகத்தால் கீறினார். மணல் எங்கே எடுத்தீர்கள் என்று தம்பியிடம் கேட்டார். அருவியாறு என்றான். நீளத்தைச் சாண் வைத்து அளந்து, மேல்தூணோடு சேர்க்க இது போதும், ஆனால் இன்னும் இரண்டு மாரிக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்றார். இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுகிறார். உம்மாவின் சுகம் கேட்பார், பிள்ளைகளின் பரீட்சை கேட்பார், அடுத்தது மேல்தளம். கம்பி விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஒக்டோபர் மழைக்கு முன்னர் தூணை வார்த்துவிடுங்கள், வார்க்கிற அன்றைக்கு நானும் வருகிறேன் என்கிறார்.